கோதுமை பார்த்த வேலையை யாரிடம் கொடுப்பது?

அன்புள்ள கண்ணுக்கு,

பெரியம்மா எழுதுவது. உனக்கு சீலியாக் நோய்தான் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டதாக அம்மா சொன்னாள். தோழிகளோடு தனி வீடு எடுத்துத் தங்கப் போகிற நேரத்தில் இது வந்து நிற்கிறதே என்று உனக்குக் கலக்கமாகத்தான் இருக்கும். "இனிமே கேக், பிரெட் எதுவுமே கிடையாதா பெரியம்மா?" என்று போனில் கேட்டாய். உண்டு. ஆனால் அதற்கு முன்னால் சில விஷயங்கள் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உனக்கு ஆகாதது குளூட்டன் என்ற புரதம். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் அது இருக்கிறது. மைதா, ரவை, சேமியா எல்லாம் கோதுமையின் பிள்ளைகளே. குளூட்டன் உள்ளே போனால் உன் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்கி, சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற மடிப்புகளைத் தேய்த்துவிடுகிறது. இரும்புச் சத்து மாத்திரை விழுங்கியும் உனக்கு ரத்தம் ஏறாததன் காரணம் இதுதான். குளூட்டனை அடியோடு நிறுத்தினால் குடல் மெல்ல மெல்ல ஆறிவிடும். "கொஞ்சம்தானே, ஒருநாள்தானே" என்று யாராவது தட்டில் வைத்தால் மரியாதையாக மறுத்துவிடு. இன்னொன்று: இது குடும்பத்தில் வரக்கூடியது என்பதால் உன் தம்பிக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். பரிசோதனை முடிகிற வரை அவன் கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்திவிட்டால் நோய் இருந்தாலும் முடிவில் தெரியாமல் போகலாம்.

இந்த நோய்க்குக் காரணம் கோதுமை என்று கண்டுபிடிக்கவே வெகுகாலம் ஆயிற்று. 1920களில் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்ற டாக்டர், இந்த நோய் கண்ட குழந்தைகளுக்கு வாழைப்பழத்தை முக்கிய உணவாகக் கொடுத்தார். குழந்தைகள் தேறினார்கள். பழத்துக்குப் பெயர் கிடைத்தது. ரொட்டியை நிறுத்தியதுதான் வேலை செய்தது என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை. நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்கு 1930களிலேயே கோதுமைமேல் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் அந்த நாட்டைப் பஞ்சம் வாட்டி, ரொட்டி கிடைக்காமல் போனபோதும் இந்தக் குழந்தைகள் மோசமாகவில்லை என்பதை அவர் கவனித்தார். கோதுமைதான் காரணம் என்பதை 1950இல் ஆய்வேடாக எழுதினார். இன்று உன் டாக்டர் தருகிற உணவுச் சீட்டுக்கு மூலம் அதுதான்.

சரி, அடுப்படிக்கு வருவோம். கோதுமை இல்லாமல் சமைக்கத் தொடங்குகிற எல்லோரும் மைதாவை எடுத்துவிட்டு அதே அளவு அரிசி மாவைப் போடுகிறார்கள். கேக் செங்கல்லாகிறது, ரொட்டி உதிர்கிறது. மாவை மாற்றுவதற்கு முன், கோதுமை அங்கே என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று கேட்டுக்கொள். இரண்டு வேலை. மாவுக்குள் உண்டாகிற காற்றைப் பிடித்து வைத்தது ஒன்று. உதிராமல், கிழியாமல் இழுத்துக் கட்டியது இன்னொன்று. பரோட்டா மாஸ்டர் வீசுகிற மாவு அத்தனை மெல்லியதாக விரிந்தும் கிழியாமல் இருப்பது குளூட்டனால்தான். அது போய்விட்டால் இந்த இரண்டு வேலைக்கும் வேறு ஆள் பார்க்க வேண்டும்.

நம் வீட்டில் அந்த ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். வடைக்கு உளுந்து அரைத்ததும் அம்மா ஒரு துளியைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பாளே, மிதந்தால் பதம் சரி என்று எடுத்துவிடுவாளே, அந்தத் துளிக்குள் காற்று பிடிபட்டிருக்கிறது. உளுந்தின் புரதமும் அதன் கொழகொழப்பும் சேர்ந்து காற்றுக் குமிழிகளை உடையவிடாமல் தாங்குகின்றன. இட்லி மாவு புளிக்கும்போது உண்டாகிற வாயுவையும் அவைதான் பிடித்து வைக்கின்றன. அரிசி மாவை மட்டும் கரைத்து வைத்தால் அப்படிப் பொங்கி நிற்காது.

கட்டுகிற வேலைக்குக் கொழுக்கட்டை மாவைப் பார். பச்சைத் தண்ணீரில் பிசைந்த அரிசி மாவைக் கிண்ணமாகச் செய்ய முயன்றால் ஓரமெல்லாம் வெடிக்கும். கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கிளறி, மூடி வைத்து, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்தால் விரலுக்கு இசைந்து வரும். சூட்டில் மாவுச்சத்து வெந்து பசையாகிறது. அந்தப் பசைதான் கட்டு. இடியாப்பமும் இதே வித்தைதான். சப்பாத்திக்குப் பதில் சோள ரொட்டியோ கம்பு ரொட்டியோ தட்டும்போதும் வெந்நீரில் பிசை. பிசைந்த உடனே தட்டிச் சுட்டுவிடு, ஆறவிட்டால் ஓரம் விரியும்.

இப்போது கேக். கப் கணக்கு வேண்டாம், சின்னத் தராசு ஒன்று வாங்கிக்கொள். நைசான அரிசி மாவு 100 கிராம், கேழ்வரகு மாவு 50, சோள ஸ்டார்ச் 50. மூன்று முட்டை, நாட்டுச் சர்க்கரை 150 கிராம், எண்ணெய் 100 மில்லி, புளிக்காத தயிர் 150 கிராம். முட்டையையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, எண்ணெயும் தயிரும் சேர்த்து, மாவுகளைக் கலந்து அரை மணி நேரம் அப்படியே வை. இந்தக் காத்திருப்பைத் தவிர்க்காதே. அரிசி மாவு தண்ணீர் குடிக்க நேரம் எடுக்கும். குடிக்காவிட்டால் கேக் மணல் போல நெறநெறக்கும். அதன் பிறகு ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் கால் டீஸ்பூன் சோடாவும் கலந்து, சூடேறிய ஓவனில் 170 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். இங்கே காற்றைப் பிடிப்பதும் கட்டுவதும் முட்டை.

பிரெட்டுக்கு இசப்கோல் உமி வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும், சர்க்கரையும் வாசனையும் சேர்க்காததாகக் கேட்டு வாங்கு. 20 கிராம் உமியை 400 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கினால் சில நிமிடங்களில் கூழ் போல் இறுகும். அரிசி மாவு 150 கிராம், கேழ்வரகு மாவு 100, மரவள்ளி ஸ்டார்ச் 100, ஈஸ்ட் 7 கிராம், ஒரு மேஜைக்கரண்டி சர்க்கரை, ஒரு டீஸ்பூன் உப்பு, இரண்டு மேஜைக்கரண்டி எண்ணெய். எல்லாவற்றையும் அந்தக் கூழோடு பிசைந்து நேராக அச்சில் வை. மைதா பிரெட் போல அடித்துப் பிசைந்து இரண்டு முறை பொங்கவிட வேண்டாம், ஒரு முறை பொங்கினால் போதும். 200 டிகிரியில் ஒரு மணி நேரம். முழுக்க ஆறிய பிறகுதான் வெட்ட வேண்டும். சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும். மறுநாளே விறைத்துப்போகும் என்பதால் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது சுட்டுக்கொள்.

கண்ணுக்குத் தெரிகிற கோதுமையை விலக்குவது சுலபம், ஒளிந்திருப்பதுதான் ஆபத்து. முதல் ஆள் பெருங்காயம். கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பலவற்றில் மைதா கலந்திருக்கும். அரிசி மாவு கலந்ததும் உண்டு, டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து வாங்கு. ஹோட்டல் சாம்பாரைப் பற்றி நான் பயப்படுவது இதனால்தான். சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை இருக்கும். மால்ட் பானங்களில் பார்லி இருக்கும். பாக்கெட் சத்து மாவில் பெரும்பாலும் சம்பா கோதுமை சேர்த்திருப்பார்கள். ரவா தோசை, கேசரி, சேமியா பாயசம், கோதுமை அல்வா எதுவும் உனக்கு இல்லை. பால் பாயசம் உண்டு, அதிரசம் உண்டு, வீட்டில் பிழிந்த முறுக்கு உண்டு.

மாவு மில்லில் உனக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருந்தால் அந்த மிச்சம் உன் கேழ்வரகோடு வரும். வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள். அல்லது குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்ட பாக்கெட் வாங்கு. அப்படிப் போட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ஓட்ஸையும் அந்த அச்சு இல்லாமல் வாங்காதே, கோதுமையோடு கலந்து வருவது அதிகம். தோழிகளிடம் முதல் நாளே சொல்லிவிடு: உன் தோசைக்கல், சல்லடை, மரக்கரண்டி, வெண்ணெய் டப்பா எல்லாம் தனி. பூரி பொரித்த எண்ணெயில் உன் அப்பளம் வேண்டாம்.

கடைசியாக, கேக்கும் பிரெட்டும் ஆசைக்குத்தான். வெறும் வெள்ளை அரிசியையும் ஸ்டார்ச்சையும் நம்பி ஓட்டினால் கோதுமை போனதோடு நார்ச்சத்தும் போய்விடும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. கம்பு, தினை, சாமை, வரகு, குதிரைவாலி எதிலும் இயல்பாகக் குளூட்டன் இல்லை. காலையில் கேழ்வரகுப் புட்டோ கம்பங்கூழோ, வாரத்தில் இரண்டு நாள் பருப்பு நிறையப் போட்ட அடை, தினமும் ஒரு கீரை அல்லது பயறு, கூட ஒரு எலுமிச்சை. எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி, கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேர உதவும்.

புது வீட்டில் முதல் வாரம் பிரெட்டில் கை வைக்காதே. இட்லி, அடை, இடியாப்பம் என்று பழகியதை ஓட்டு. இரண்டாம் வாரம் கேக், கை பழகியதும் பிரெட். டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியில் மறு பரிசோதனைக்குப் போய்விடு. உடம்பு தேறினாற்போலத் தோன்றினாலும் அதைத் தள்ளிப்போடாதே. முடிவு வந்ததும் எனக்குப் போன் செய்.

இப்படிக்கு,
உன் பெரியம்மா