கேட்டமரான்: நம்ம ஊர் மரம், அவங்க ஊர் கிழவி

மக்களே, ஒரு சின்ன டெஸ்ட். பழைய ஆங்கில நாவல்ல ஒரு ஆள் ஒரு பாட்டியம்மாவை ‘கேட்டமரான்’ என்று திட்டுறான். என்ன அர்த்தம்? படகு என்று சொன்னீங்கன்னா மார்க் கிடையாது. எதுக்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கிற கிழவி என்று அர்த்தம். ஃபிரெடரிக் மேரியட் 1834-ல் புத்தகமாக வெளியிட்ட ‘பீட்டர் சிம்பிள்’ நாவலில் இந்த வசவு இருக்கு. மேரியட் கடற்படை கேப்டன், 1824-ல் தொடங்கிய பர்மா போருக்கு வந்தவர். பெரிய அகராதிகளைப் புரட்டினால் இந்தப் பொருளும் கிடைக்கும். யாரும் இப்போ பேசுறதில்லை, அவ்வளவுதான்.

கட்டுமரம் எப்படிங்க கிழவி ஆச்சு? சொல்லோட முன்பாதியில் ‘கேட்’ என்று பூனை உட்கார்ந்திருக்கு, சீறுகிற பூனை. அந்தச் சத்தம்தான் இழுத்திருக்கும் என்பது என் ஊகம்.

அதுக்கு முன்னாடி 1697-லேயே வில்லியம் டாம்பியர் தன் பயண நூலில் சோழமண்டலக் கரையின் மிதவை என்று இந்தச் சொல்லைச் சரியாக எழுதிவிட்டார். 1804 அக்டோபரில் இங்கிலாந்து, பிரான்ஸின் புலோன் துறைமுகத்து மேல் வெடிமருந்துப் பெட்டிகளை மிதக்கவிட்டது. ராபர்ட் ஃபுல்டன் செய்த அந்தப் பெட்டிக்கும் பெயர் கேட்டமரான்! பெரிய சேதம் ஒண்ணும் இல்லை. பிறகு 1876-ல் அமெரிக்காவில் நத்தானியல் ஹெரஷாஃப் இரண்டு ஹல் வைத்த ‘அமரில்லிஸ்’ படகில் நியூயார்க் பந்தயத்தில் மற்றவர்களை ஓடவிட்டார். அந்த வகைப் படகுக்கும் இதே பெயர் ஒட்டிக்கிச்சு. இன்னைக்கு கூகுளில் தேடினால் வருவது அந்த சொகுசுப் படகுதான்.

இங்கேதான் எனக்குக் கடுப்பு. இரட்டை ஹல் என்பது பசிபிக் தீவுக்காரர்களின் யோசனை. நம்ம கட்டுமரத்துக்கு ஹல்லே கிடையாது! பெயர் நம்முடையது, டிசைன் வேற யாருடையதோ.

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் ஞாபகம் இருக்கா? சாதாரணப் படகு உள்ளே வெற்றிடமாக இருப்பதால் மிதக்குது. ஓட்டை விழுந்து தண்ணி ஏறினால் கதை முடிஞ்சுது. கட்டுமரத்தில் மரமே தண்ணியைவிட லேசு. மேலே விழுந்த அலை இடுக்கு வழியாக வடிஞ்சிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது. கோவளம், மாமல்லபுரம் மாதிரி அலை நேராகக் கரையில் வந்து உடைகிற இடத்துக்கு இதைவிட எளிய தீர்வு எனக்குத் தோணலை. ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டுவதால் அலை மோதும்போது மரங்கள் கொஞ்சம் அசைஞ்சு கொடுக்கும். கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப்போடுவாங்க, ஏன்னா ஊறின மரம் கனத்துப்போகும். சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பல்கள் தள்ளி நிற்கும். கட்டுமரக்காரர்தான் தொப்பிக்குள் கடிதத்தை வைத்து, நனையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார்.

ஆக, அந்தச் சொல்லின் உயிர் ‘கட்டு’தான். ஆங்கிலத்துக்குப் போனதும் முதலில் அவிழ்ந்தது அதுதான்.

2004 சுனாமிக்கு அப்புறம் நிவாரணமாக நிறைய ஃபைபர் படகுகள் வந்தன. நம்ம செங்கல்பட்டு மாவட்டக் கரையிலும் இப்போ அதுதான் அதிகம். மரத்தை எந்த இடத்தில், எந்த முடிச்சு போட்டுக் கட்டணும் என்பது வயசானவங்க கையில் இருக்கு. எந்த செமஸ்டர் சிலபஸிலும் நான் அதைப் பார்க்கலை. ஃபைனல் இயர் பிராஜெக்டுக்குத் தலைப்பு தேடுற ஜூனியர்ஸ் யாராவது இதை எடுங்கப்பா. ஈசிஆர் பஸ் பிடிச்சு கோவளம் குப்பத்தில் இறங்கி, பெரியவங்ககிட்ட மரியாதையாகக் கேட்டு, முடிச்சுகளை வரைஞ்சு வாங்க. காலையிலேயே போயிடுங்க. வெயில் ஏறினால் வலையைச் சுருட்டி வெச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க.