குழந்தைகளின் தலைப்பேன்: வீட்டிலேயே கண்டறிந்து நீக்கும் முறை

ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவதாகச் சொல்வது நம் நாட்டு வழக்கு. சிறு செய்தியைப் பெரிதாக்குவோரைக் குறித்து எழுந்த மொழி அது. ஆனால் குழந்தையின் தலையில் உண்மையாகவே ஈர் காணப்படும்போது பெற்றோர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்குப் பேன் இருப்பது இயல்பே என்று வாளா இருந்துவிடுவோர் ஒரு சாரார். பொறுமை இழந்து, பயிருக்குத் தெளிக்க வைத்திருக்கும் பூச்சிமருந்தை எடுத்துக் குழந்தையின் தலையில் தடவத் துணிவோர் மற்றொரு சாரார். முன்னது குழந்தையின் உறக்கத்தையும் படிப்பையும் கெடுக்கும். பின்னது உயிருக்கே உலை வைக்கும். இவ்விரண்டும் வேண்டாத எளிய வழி ஒன்றை இங்கு விளக்க முற்படுகிறோம்.

தலைப்பேன் எள்ளளவே உள்ள, ஆறு கால்களையுடைய பூச்சி. நன்கு வளர்ந்த பேனின் நீளம் 2 முதல் 3 மில்லிமீட்டர். அதற்குச் சிறகில்லை, பறக்காது, தத்தவும் செய்யாது. ஒரு தலை மற்றொரு தலையைத் தொடும்போது முடிவழியே ஊர்ந்து செல்வதே அதன் வழி. ஒரே பாயில் நெருங்கி உறங்கும் உடன்பிறந்தாரும், தலைகளைச் சேர்த்து அமர்ந்து பல்லாங்குழி ஆடும் சிறுமியரும் பேனைப் பகிர்ந்துகொள்வது இவ்வாறே. அழுக்குத் தலையில்தான் பேன் பற்றும் என்பது உண்மையன்று. வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்து முழுகும் தலையிலும் அது குடியேறும். ஆகவே பெற்றோர் நாணுவதற்கோ குழந்தையைக் கடிந்து பேசுவதற்கோ இதில் இடமில்லை.

பெண் பேன் நாளொன்றுக்கு ஏறக்குறைய 6 முதல் 8 முட்டைகள் இடும். அம்முட்டையே ஈர். முடியின் அடியில், தோலுக்கு மிக அண்மையில், ஒருவகைப் பசையால் அது ஒட்டப்பட்டிருக்கும். ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் ஈர் பொரிக்கும். வெளிவந்த குஞ்சு மேலும் ஒரு வாரத்துக்குச் சற்றே கூடிய காலத்தில் வளர்ந்து தானும் முட்டையிடத் தொடங்கும். இந்தக் கணக்கைத் தாய்மார்கள் நினைவிற் கொள்ள வேண்டும். நீக்கும் முறை முழுவதும் இதனையே சார்ந்திருக்கிறது.

குழந்தை சொறியவில்லை என்பதனால் பேன் இல்லை என்று முடிவு கட்டலாகாது. பேனின் உமிழ்நீர் உடலுக்கு ஒவ்வாமையால் எழுவதே அரிப்பு. முதன்முறை பேன் பற்றிய குழந்தைக்கு அரிப்பு தோன்ற 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம். அதற்குள் வீட்டிலுள்ள மற்றவர் தலைகளிலும் அது பரவிவிடும். ஆதலின் பகல் வெளிச்சத்தில் திண்ணையில் அமர்த்தி, காதுகளின் பின்புறத்தையும் பிடரியையும் முதலில் பார்த்தல் வேண்டும். பொடுகு விரலால் தள்ளினால் நகரும், ஈர் நகராது. ஈர் தோலிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதையும் நோக்குக. முடி மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், தோலைவிட்டு ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் காணப்படும் ஈர் ஒரு மாதத்துக்கு முந்தியது; பொரித்துப்போன வெறுங்கூடு. ஊரும் பேனைக் கண்டால் மட்டுமே சிகிச்சை தேவை என்க.

மருந்தைத் தேடு முன் சீப்பைத் தேடுவதே அறிவுடைமை. இஸ்ரேல் நாட்டின் லாக்கிஷ் என்னும் பழைய நகரிருந்த இடத்தில் 2016-ஆம் ஆண்டு தந்தச் சீப்பொன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதன்மேல் பொறித்திருந்த எழுத்துகள் 2022-இல் படித்தறியப்பட்டன. தலையிலும் தாடியிலுமுள்ள பேனை அச்சீப்பு ஒழிக்கட்டும் என்னும் வேண்டுதலே அது. ஏறக்குறைய 3,700 ஆண்டுகளுக்கு முற்பட்ட அச்சீப்பில் ஒருபுறம் சிக்கெடுக்கும் பருத்த பற்களும், மறுபுறம் பேன் வாரும் நெருங்கிய பற்களும் இருந்தன. நம் சந்தையில் கிடைக்கும் பேன்சீப்பும் இவ்வினத்ததே.

குழந்தையின் முடியை நனைத்து, தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவுக. ஈரத்திலும் எண்ணெயிலும் பேன் விரைந்து ஓட இயலாது. சீப்பும் வழுக்கிச் செல்லும். பெரிய சீப்பால் சிக்கெடுத்தபின், முடியைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, பேன்சீப்பின் பற்கள் தோலைத் தொடும்படி அடியில் வைத்து நுனிவரை வாருக. ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தல் வேண்டும். நீண்ட கூந்தலுக்கு அரை மணி நேரம் பிடிக்கும்; குழந்தைக்குக் கதை சொல்லிக்கொண்டே செய்யலாம். ஒரு நாளோடு இது முடிவதன்று. அன்று பேனெல்லாம் போயினும் ஈர்கள் எஞ்சி நிற்கும். மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறையாக இரண்டு வாரம் வாரினால், பொரித்து வரும் குஞ்சுகள் முட்டையிடும் பருவம் எய்துமுன் அகப்பட்டுவிடும். கடைசி வாரலில் பேன் ஒன்று வந்தாலும் மீண்டும் இரண்டு வாரம் தொடர வேண்டும். பெண் குழந்தையின் கூந்தலை மழிக்க வேண்டியதே இல்லை.

வாருவதற்கு நேரமில்லாதோர் மருந்துக் கடையில் கிடைக்கும் 1 சதவீத பெர்மெத்ரின் மருந்தை உபயோகிக்கலாம். தலையை அலசித் துவட்டிய பின் தடவி, 10 நிமிடங்கள் கழித்துக் கழுவிவிட வேண்டும். ஈர் அனைத்தையும் அது கொல்லாது. ஆகவே 9-ஆம் நாளில் மறுமுறை தடவுதல் இன்றியமையாதது. இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தடவலாகாது. மருந்திட்ட மறுநாளும் பேன் முன்போலவே ஓடித் திரிந்தால் அம்மருந்துக்கு அது பழகிவிட்டது என்று பொருள். அளவைக் கூட்டித் தடவுவது தவறு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேறு மருந்து கேட்டறிக.

இனி, செய்யக்கூடாதவற்றைச் சற்று அழுத்தமாகவே கூற வேண்டியிருக்கிறது. பயிர்களுக்கான பூச்சிமருந்து எதுவாயினும், எவ்வளவு நீர் கலப்பினும், தலையில் இடலாகாது. சொறிந்து புண்ணான தோல்வழியே நஞ்சு உடலுக்குள் விரைந்து இறங்கும். வாயில் நீர் வடிதல், வாந்தி, மூச்சுத் திணறல், கண்மணி சுருங்குதல் ஆகியவை அதன் அறிகுறிகள். அறியாமல் தடவியிருப்பின் உடனே ஆடைகளைக் களைந்து, சோப்பும் நீரும் கொண்டு நன்கு கழுவி, மருந்துப் புட்டியுடன் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மண்ணெண்ணெயோ தீப்பற்றும், வாய்வழி நுரையீரலுக்குள் சென்றால் பெருங்கேடு. நாட்டு வைத்தியம் என்று சிலர் அரைத்துப் பூசும் சீத்தாப்பழ விதை, கண்ணில் வழிந்தால் விழியின் கருவிழிப்படலத்தைப் புண்ணாக்கும். டி.டி.டி. தூளையும் ஒரு காலத்தில் தூவியதுண்டு. 1943-44-இல் நேப்பிள்ஸ் நகரில் உடற்பேனால் பரவிய டைபஸ் காய்ச்சலை அடக்க அது உதவிற்று. பின்னர்ப் பேன்கள் அதற்கும் பழகின. மண்ணிலும் உடலிலும் நெடுநாள் தங்கும் நஞ்சு என்பதும் தெளிவாயிற்று. பழைய டப்பா எங்கேனும் இருப்பின் அதனைத் தொடாதிருப்பதே நன்று.

தலையை விட்டகன்ற பேன் இரண்டு நாட்களுக்குமேல் பிழைப்பது அரிது. எனவே பாய் தலையணைகளை எரிக்க வேண்டுவதில்லை. முந்திய இரண்டு நாட்களில் உபயோகித்த தலையணை உறையையும் துண்டையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தினால் போதும். சீப்புகளை நல்ல வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவிடுக. வீட்டிலுள்ளோர் அனைவர் தலையையும் ஒரே நாளில் பார்த்தல் வேண்டும். பாட்டியின் தலையை மறவாதீர்கள். சொறிந்த இடத்தில் சீழோ பிடரியில் நெறிகட்டுதலோ இருப்பின் மருத்துவரிடம் காட்டுக. குழந்தையைப் பள்ளியிலிருந்து நிறுத்த வேண்டா. ஆசிரியைக்குத் தனியே சொல்லிவைத்தால், வகுப்பிலுள்ள மற்றக் குழந்தைகளின் தாய்மாரும் அதே வாரத்தில் சீப்பை எடுக்க ஏதுவாகும்.