சரக்கு, வழி, வண்டி, கடைசியில் ஆள்

திமிரியில் ஐந்தாறு வண்டி வைத்து ஓட்டுகிறவருக்கு முக்கியமான போன் பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும். "விடிஞ்சா ராணிப்பேட்டையில வண்டி நிக்கணும்." எந்த வண்டி சும்மா நிற்கிறது, எந்த டிரைவர் வீட்டில் இருக்கிறார் என்று பார்த்து அனுப்பிவிடுகிறோம். இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும்.

1. சரக்கைத் தெளிவாகக் கேளுங்கள்

"தோல் லோடு" என்று சொன்னால் போதாது. உப்புத் தோலும் வெட் ப்ளூவும் ஈரமானவை. பார்வைக்குக் கொஞ்சமாகத் தெரிந்தாலும் எடை இழுக்கும். ஷூ பெட்டி இதற்கு நேர் எதிர்: பாடி நிறைந்துவிடும், எடை ஏறாது. முன்னதற்கு வண்டி தாங்கும் எடையைப் பாருங்கள், பின்னதற்கு பாடியின் நீள உயரத்தை. ஃபினிஷ் தோலுக்கு மழை ஆகாது. மூடிய பாடி வேண்டும். உப்புத் தோல் இறக்கிய வண்டியைக் கழுவிக் காயவைக்காமல் அதில் ஃபினிஷ் தோல் ஏற்றாதீர்கள்.

டேனரிக்குப் போகும் கெமிக்கலில் கூடுதல் கவனம் தேவை. சோடியம் சல்பைடையும் ஆசிட்டையும் ஒரே நடையில் ஏற்றவே கூடாது. இரண்டும் கலந்தால் உயிரைக் குடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும்.

2. வழியைத் துண்டு துண்டாகப் பாருங்கள்

ஆற்காடு வரையிலான ரோடும் அதன் பிறகு வரும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையும் ஒன்றல்ல. ஆரணிப் பக்கம் அறுவடைக் காலத்தில் ரோட்டோரம் நெல் காயும். இரவில் பின்விளக்கு இல்லாத டிராக்டர் வரும். பேரணாம்பட்டு தாண்டி வீ.கோட்டா போனால் மலைப்பாதை. சென்னை பெரியமேட்டுக்குப் பெரிய லாரியை அனுப்பினால் நகருக்குள் நுழையும் நேரத்துக்காகக் காத்துக் கிடக்க நேரலாம். சின்ன வண்டிக்கு அந்தத் தொல்லை குறைவு.

3. ஆர்.சி.யில் உள்ள எடையை மீறாதீர்கள்

குட்டியானை முக்கால் டன் வண்டி. "கொஞ்சம் கூட ஏத்திக்கலாம்" என்பது வெட் ப்ளூவில் சட்டென்று ஒரு டன்னைத் தாண்டிவிடும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடு அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அந்த நடையின் வாடகையே அதற்குப் போதாது.

4. லைசென்ஸைப் பார்த்து ஆளைக் குறியுங்கள்

மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதற்கு மேற்பட்ட வண்டிக்கு எல்.எம்.வி. லைசென்ஸ் போதாது. ஆபத்தான கெமிக்கல் என்றால் அதற்கான பயிற்சி முடித்து லைசென்ஸில் பதிவு பெற்றவர் மட்டுமே.

பிறகு பழக்கம். நெடுஞ்சாலையில் கைதேர்ந்தவர் மலைப்பாதையில் தடுமாறலாம். புது வழிக்கு முதல் நடை, அந்த ரோடு தெரிந்தவரோடு போகட்டும்.

5. தூக்கத்தைக் கணக்கில் எழுதுங்கள்

1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நல்ல அளவுகோலைத் தந்தது: நாளுக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டாமல் அரை மணி ஓய்வு, ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடையே தொடர்ந்து 9 மணி நேர இடைவெளி. சென்னை போய்த் திரும்புகிறவருக்கு லோடு இறக்கக் காத்திருக்கும் நேரத்தையும் வேலையாகவே எண்ணுங்கள். பேட்டா கூடக் கொடுத்தால் தூக்கம் ஈடாகிவிடாது.

6. போர்டில் எழுதுங்கள்

ஷெட் சுவரில் ஒரு போர்டு. ஐந்து கட்டங்கள்: சரக்கு, வழி, வண்டி, டிரைவர், அவர் கடைசியாக வண்டியை விட்டு இறங்கிய நேரம். வழியில் வண்டி மாற்ற நேர்ந்தால் இ-வே பில்லிலும் புது வண்டி எண்ணை ஏற்றுங்கள்.

ஐந்தாவது கட்டம்தான் முக்கியம். சென்னையிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்கு வந்து இறங்கியவரை, ஆறு மணிக்கு ஷூ கம்பெனிப் பெண்களை ஏற்றப்போகும் வேனில் உட்காரவைக்க நினைத்தால் அந்தக் கட்டம் தடுக்கும். அன்றைக்கு வேறு ஆள் இல்லை என்றால் கம்பெனிக்கு முந்தின இரவே போன் போட்டு, வேன் வராது என்று சொல்லிவிடுங்கள்.