இரைச்சல் எந்தச் சக்கரத்தில்?

எட்டாம் வகுப்பில் உராய்வுப் பாடம் நடத்தும்போது, "உருளும் உராய்வு நழுவும் உராய்வைவிடக் குறைவு, அதனால் இயந்திரங்களில் பால் பேரிங் பயன்படுகிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவது என் வழக்கம். மாணவர்களும் தேர்வில் அதைப் பிழையின்றி எழுதிவிடுவார்கள். என் பழைய கார்தான் அந்த வழக்கத்தை மாற்றியது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தெருவில் நின்ற என் காரின் சக்கரங்கள் பாதிக்கு மேல் நீரில் மூழ்கிக் கிடந்தன. சில மாதம் கழித்து, நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினாலே கீழிருந்து ஓர் இரைச்சல் கேட்கத் தொடங்கியது. டயர்தான் காரணம் என்று நானே தீர்மானித்து, இரண்டு புது டயர் போட்டேன். பணம் போயிற்று, இரைச்சல் போகவில்லை.

பிறகுதான் கோரிமேட்டில் ஒரு பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் காரைத் தொடவே இல்லை. மூன்று கேள்விகள் கேட்டார். "ஓடும்போது நியூட்ரல் போட்டா சத்தம் குறையுதா சார்? ரோடு மாறினா சத்தம் மாறுதா? ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடிச்சா கூடுதா?" எதற்கும் என்னிடம் பதில் இல்லை. இருபது ஆண்டுகளாக அறிவியல் கற்பிக்கிறவன், உற்றுநோக்காமலே முடிவுக்கு வந்திருக்கிறேன்!

அந்த மூன்று கேள்விகளையும் மறுநாள் கரும்பலகையில் எழுதினேன். ஒவ்வொன்றும் எதை விலக்குகிறது என்று மாணவர்களே சொல்ல வேண்டும். நியூட்ரலில் என்ஜின் வேகம் இறங்கிய பிறகும் சத்தம் அப்படியே இருந்தால் என்ஜினைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. தார்ச் சாலையிலிருந்து சிமெண்ட் சாலைக்கு மாறும்போது சத்தமும் மாறினால் டயர். மாறாவிட்டால் பேரிங்காக இருக்க வாய்ப்பு அதிகம். இவ்விரண்டையும் எளிதாகப் பிடித்துக்கொண்டார்கள்.

மூன்றாவதில்தான் தடுமாறினார்கள். காரை இடப்பக்கம் திருப்பினால் இரைச்சல் கூடுகிறது என்றால் பழுது எந்தப் பக்கம்? வகுப்பே ஒரே குரலில் "இடது" என்றது. நான் திருத்தவில்லை. "பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறீர்கள். டிரைவர் சட்டென்று இடப்பக்கம் ஒடிக்கிறார். எந்தப் பக்கம் சாய்வீர்கள்?" என்று கேட்டேன். சிரிப்பும் சலசலப்பும் அடங்கிய பிறகு ஒரு மாணவி, "வலது பக்கம் சார்... அப்போ பாரமும் வலது சக்கரத்துலதான் விழும்" என்றாள். என் காரிலும் பழுதடைந்தது வலது முன்சக்கர பேரிங்தான்.

ஆனால் மெக்கானிக் அத்தோடு விடவில்லை. இது சில நேரம் ஏமாற்றும் என்றார். ஜாக்கியால் தூக்கி, கீழே ஸ்டாண்டு கொடுத்த பிறகே (ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது) சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லாததால் பேரிங் நல்லது என்று சொல்லிவிட முடியாதாம். சக்கரத்தைக் கையால் சுழற்றி, மறு கையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் வைக்கச் சொன்னார். மணலை அரைப்பதுபோல் ஓர் அதிர்வு விரலில் ஏறியது. இடது சக்கரத்தில் அது இல்லை.

கழற்றிய பேரிங்கைப் பிரித்துக் காட்டினார். சீலைத் தாண்டி நீர் புகுந்து, கிரீஸ் கெட்டு, குண்டுகள் ஓடும் தடத்தில் துருவும் சிறு குழிகளும் விழுந்திருந்தன. குண்டு ஒவ்வொரு குழியிலும் தட்டிச் செல்வதுதான் இரைச்சல். வேகம் கூடினால் தட்டல் நெருங்கும், சுருதியும் ஏறும். இப்படியே ஓட்டியிருந்தால் சக்கரம் சூடேறி இறுகியிருக்கலாம், கழன்றும் போயிருக்கலாம்.

புதியதைப் பொருத்திய விதம் அடுத்த பாடத்துக்கே உதவியது. வண்டிப் பாகத்துக்குள் பேரிங்கைப் பிரஸ்ஸால் செலுத்தும்போது வெளிவளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். உள்வளையத்தை அழுத்தினால் விசை முழுவதும் குண்டுகள் வழியே கடக்கும். குண்டு தடத்தைத் தொடும் பரப்போ மிகச் சிறியது. விசை பெரிது, பரப்பு சிறிது. அழுத்தம் எவ்வளவு ஏறும்! தடத்தில் பள்ளம் விழுந்து, புது பேரிங்கும் இரையத் தொடங்கிவிடும். சுத்தியலால் அடித்து ஏற்றுவதும் இதே காரணத்தால் கூடாது. ஹப் நட்டை டார்க் ரென்ச் வைத்துக் குறித்த அளவுக்கே முறுக்கினார்.

பழைய பேரிங்கைக் கேட்டு வாங்கி வந்து, ஒரு நல்ல பேரிங்கோடு சேர்த்து வகுப்பில் சுற்றவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே கெட்டதைக் கண்டுபிடித்தார்கள். வண்டி அச்சுக்குப் பால் பேரிங் அமைக்க வேல்ஸ் நாட்டின் பிலிப் வான் 1794இல் காப்புரிமை பெற்றதையும், பாரிஸ் மெக்கானிக் ஜூல் சூரிரே 1869இல் அதை மிதிவண்டிக்குக் கொண்டுவந்ததையும் சொன்னேன். அந்த ஆண்டு பாரிஸ்–ரூவான் மிதிவண்டிப் பந்தயத்தில் வென்றதும் பால் பேரிங் வைத்த வண்டிதான். அப்போது நம் ஊரும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது என்று ஒருவன் எடுத்துக்கொடுத்தான்.

காரைத் தூக்கும் வேலையைப் பள்ளியில் செய்ய வேண்டாம்; மிதிவண்டியே போதும். மறுநாள் அந்த மாணவி தன் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கொண்டுவந்தாள்; நன்றாகவே ஆடியது. பிரித்து, குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்துக் கோன் நட்டை இறுக்கினோம். ஆட்டம் நின்றது, ஆனால் சக்கரமும் சுழல மறுத்தது. கால் சுற்று தளர்த்தினாள். சுழலவிட்ட சக்கரம் மணி அடித்த பிறகும் நிற்கவில்லை.