மெல்லிய முடிக்கு மூஸா, எண்ணெயா?

கேள்வி: என் முடி மிக மெல்லியது. ஜெல் போட்டுச் சீவினாலும் கடற்கரைக்குப் போனால் படிந்துவிடுகிறது. எதை வாங்கலாம்?
- வாசகி, உவரி

பதில்: குறை ஜெல்லில் மட்டுமல்ல, காற்றிலும் இருக்கிறது. சீவிய வாகைப் பிடித்து வைப்பவை முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள். ஈரம் பட்டால் அவை விட்டுப்போகும். உங்கள் ஊர்க் கப்பல் மாதா கோயில் பக்கம் வீசும் கடற்காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? மெல்லிய இழை பாரமும் தாங்காது. ஆகவே கனமான ஜெல், மெழுகு இரண்டையும் விடுங்கள். லேபிளில் கிளிசரின் முன்வரிசையில் இருந்தால் அதுவும் வேண்டாம். அது ஈரத்தை இழுக்கும். நுரையாக வரும் மூஸ் இலேசானது. எலுமிச்சம்பழ அளவு எடுத்து, துவட்டிய முடியின் வேர்ப்பகுதியில் தடவி, தலையைக் குனிந்தபடி நன்றாக உலர்த்துங்கள். அரைகுறையாகக் காய்ந்தால் எந்த மூஸும் நிற்காது. கண்டிஷனர் நுனிக்கு மட்டும்.

தேங்காய் எண்ணெய் இருக்க இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். அதிலும் நியாயம் உண்டு. ரெலே, மொஹிலே இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய்தான். சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அல்ல. ஆனால் அது முடியைக் காக்குமே தவிர, தூக்கி நிறுத்தாது. குளிக்கும் முன் தேய்த்து அலசிவிடுங்கள். வெளியே கிளம்பும்போது தொடவேண்டாம். முடி அண்மையில்தான் மெலிந்தது என்றால், மூஸ் வாங்கும் முன் தோல் மருத்துவரைப் பாருங்கள்.