நோவும் இதயத்துடிப்பும்

எமது உடலின் ஒவ்வொரு கலத்தையும் மெல்லிய சவ்வொன்று மூடியிருக்கின்றது. அதிலே புரதத்தாலான நுண்ணிய வாயில்கள் உண்டு. சோடியம், பொற்றாசியம் முதலிய அயன்கள் இவற்றினூடாகவே உள்ளே வந்து வெளியே செல்கின்றன. இவற்றை அயன் கால்வாய்கள் என்பர். காலில் முள் தைத்த செய்தி மூளைக்குப் போவதும், இதயம் ஒழுங்காகத் துடிப்பதும் இவ்வாயில்கள் திறந்து மூடுவதனாலேயே. இவற்றை ஆக்கும் கட்டளை, ஜீன் எனப்படும் பரம்பரை அலகுகளில் உள்ளது.

வட பாகிஸ்தானில் ஒரு சிறுவன் தெருவிலே வேடிக்கை காட்டி வந்தான். கைகளில் கத்தியைக் குத்துவான். தணலின் மேல் நடப்பான். நோவென்பதே அவன் அறியான். சிறுவயதிலேயே வீட்டுக் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அப்பகுதியின் மூன்று குடும்பங்களில் நோவறியாத அறுவரை ஆராய்ந்த விஞ்ஞானிகள், 2006 இல் காரணத்தை வெளியிட்டனர். எஸ்.சி.என்.9ஏ என்னும் அலகு பழுதாகி, நோவு நரம்புகளின் சோடிய வாயில் செயலிழந்திருந்தது. தொடுகையையும் சூடு குளிரையும் அறிந்த அவர்கள், தம் நாவையும் உதட்டையும் தாமே கடித்துப் புண்ணாக்கியிருந்தனர். நோவு இல்லாத வாழ்வு வரமென்று நாம் எண்ணக்கூடும். அந்தப் பெற்றோரைக் கேட்டால் தெரியும்.

பல் பிடுங்க முன்னர் போடும் விறைப்பு ஊசியிலுள்ள லிக்னோகெயின், சோடிய வாயில்களையே அடைக்கின்றது. அதே மருந்தை இதயத்துடிப்பு தாறுமாறாகும்போதும் வைத்தியர்கள் ஏற்றுவதுண்டு. இரண்டும் ஒரே குடும்பத்து வாயில்கள் அல்லவா!

இதயத்தில் பொற்றாசிய வாயில்களும் முக்கியமானவை. ஒரு துடிப்பு முடிந்து அடுத்ததற்குத் தசை ஆயத்தமாவது இவற்றாலேயே. 1957 இல் நோர்வேயில், பிறவியிலேயே காது கேளாத நான்கு சகோதரர்கள் அடிக்கடி மயங்கி விழுவதாக அறிக்கையிடப்பட்டது. அவர்களுள் மூவர் சிறுவயதிலேயே திடீரென இறந்தனர். கே.சி.என்.கியூ.1 என்னும் அலகின் பழுதே இந்நோய்க்கு முக்கிய காரணமெனப் பின்னர் தெரியவந்தது. அந்த வாயில் உட்செவிக்கும் இதயத்துக்கும் பொதுவானது.

காது நன்றாகக் கேட்கும் பிள்ளைகளிடமும் இதையொத்த நோய் உண்டு. ஓடும்போதோ நீந்தும்போதோ திடுக்கிடும்போதோ பிள்ளை மயங்கி விழுந்தால், அதனை வலிப்பு என்று விட்டுவிடக் கூடாது. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். குடும்பத்தில் இளவயதில் யாரும் திடீரென இறந்திருந்தால் வைத்தியரிடம் மறைக்காமற் சொல்ல வேண்டும். பீற்றா தடுப்பு மாத்திரைகள் பலரைக் காத்துள்ளன. இந்நோயுள்ளவர்கள் சாதாரண காய்ச்சலுக்கு மருந்து எடுக்கும்போதும் அதைச் சொல்வது அவசியம். ஏனெனில், எரித்திரோமைசின் போன்ற சில மருந்துகள் இதயத்தின் பொற்றாசிய வாயிலை அடைத்துவிடும்.