முதுநகர் வண்டல் நிலமும் குறுக்கலை வேக அளவீட்டு முறைகளும்

2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் தோன்றிய நிலநடுக்கம் கடலூர்க் கரையிலும் உணரப்பட்டது. உப்பனாற்றை ஒட்டிய முதுநகர் வண்டல் நிலமாதலின், அதன் வகைப்பாடு இன்றியமையாததாகிறது. மேல் 30 மீட்டரின் சராசரிக் குறுக்கலை வேகமே இதற்குரிய அளவுகோல். அமெரிக்காவின் முந்தைய வகைப்பாட்டில் அவ்வேகம் நொடிக்கு 180 மீட்டருக்குக் குறையின் அது மென்மண் எனப்பட்டது.

துளைகளுக்கிடையே ஒரே ஆழத்தில் அலை செல்லும் நேரத்தை அளக்கும் முறை மெல்லிய களிமண் அடுக்கையும் காட்டும், செலவோ மிகுதி. தரையில் அலை எழுப்பி ஒரே துளையினுள் பதிவுசெய்யும் முறையில் ஆழம் கூடக்கூடக் குறிகை நலியும். மேற்பரப்பலைப் பகுப்பாய்விற்குத் துளை வேண்டா. எனினும் அதில் வேகம் கணித்தே பெறப்படுவதால், ஒரே பதிவிற்குப் பல விடைகள் பொருந்தக்கூடும்.

ஆகவே, மேற்பரப்பலை முறையால் பரவலாக அளந்து, ஓரிரு துளைகளில் சரிபார்த்தலே முதுநகருக்கு ஏற்புடையதாகும்.